தெரு வாழ்ந்தால் கடை வாழும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஊர் என்பது வீடுகளின் தொகுதி மட்டும் அன்று. அவ்வீடுகளில் வாழ்வோர் ஒருவரையொருவர் காணவும், கொள்ளவும் கொடுக்கவும், நலம் உசாவவும், நாட்டு நடப்பைப் பேசவும் ஒரு பொதுவிடம் வேண்டும். அவ்விடத்தையே தமிழர் அங்காடி என்றனர்; கடைத்தெரு என்றனர். புகாரின் நாளங்காடியையும் மதுரையின் அல்லங்காடியையும் பழந்தமிழ் நூல்கள் காட்டுகின்றன. அங்காடி அமைந்த இடமே ஊருக்கு நடுவாயிற்று. அந்த ஊர்நடு வற்றினால் ஊரே வற்றும். கடலூரிலும் தில்லையிலும் இன்று நெருக்கடிக்கு ஆளாகி நிற்பது அந்த ஊர்நடுவே. அதை மீட்பது எவர் கடன்? எவ்வழியால் மீட்பது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

கடலூர் ஓர் ஊரன்று. மூன்று ஊர்கள் கூடிய ஊர். துறைமுகத்தை ஒட்டிய முதுநகர் ஒன்று. பாடலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த திருப்பாதிரிப்புலியூர் மற்றொன்று. அரசு அலுவலகங்கள் மிக்க மஞ்சக்குப்பம் மூன்றாவது. இம்மூன்றனுள் இன்று வணிகத்தின் நெஞ்சாக விளங்குவது திருப்பாதிரிப்புலியூர். பேருந்து நிலையமும் தொடர்வண்டி நிலையமும் அங்கே அடுத்தடுத்து உள்ளன. அவற்றை ஒட்டி ஓடும் இலாரன்சு சாலையில் துணிக்கடை, நகைக்கடை, ஏனக்கடை, பழக்கடை, மருந்துக்கடை எனத் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. தொடர்வண்டிக் கடவு மூடும்போதெல்லாம் அச்சாலை நெடுங்காலம் மூச்சுத் திணறியதைக் கடலூர் மக்கள் மறந்திரார்.

தில்லையின் அமைப்போ வேறு. அங்கே ஊர்நடுவைத் தேடவே வேண்டா. பெருங்கோயிலைச் சுற்றிக் கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி என நான்கு தேரோடும் வீதிகள். ஆனித் திங்களிலும் மார்கழித் திங்களிலும் ஐந்து தேர்கள் அவ்வீதிகளில் உருள்கின்றன. தேர் உருளாத மற்ற நாள்களில் அவ்வீதிகளை உருட்டுவது வணிகமே. புவனகிரி, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோயில் பக்கத்து உழவர் குடும்பங்கள் திருமணத்துக்குத் துணி எடுக்கவும், பிள்ளைக்குக் கொலுசு வாங்கவும் வந்து சேர்வது அந்நான்கு வீதிகளுக்கே. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் மாணவர் கூட்டமும் அக்கடைகளுக்கு வாடிக்கையாயிற்று. பிச்சாவரத்து அலையாத்திக் காடுகளைக் காண வருவோரும் அவ்வூர் வழியாகவே செல்கின்றனர்.

இவ்வளவு வளம் வாய்த்த இரண்டு ஊர்நடுக்களுக்கு என்ன குறை? ஊர்நடு ஒருமுறை அமைந்துவிட்டால் என்றைக்கும் அப்படியே நிற்கும் என்னும் எண்ணமே முதற்குறை. அவ்வெண்ணம் தவறு என்பதற்குக் கடலூரின் வரலாறே சான்று.

1690இல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினி, தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கிற்று. கோட்டை மட்டுமா வாங்கிற்று? கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எத்தொலைவு சென்று விழுந்ததோ, அத்தொலைவுக்குட்பட்ட ஊர்களெல்லாம் கும்பினிக்கே என்று எல்லை குறிக்கப்பட்டது. அவ்வூர்களுக்குக் குண்டு ஊர்கள் என்றே பெயர் வழங்கிற்று. 1746இல் சென்னையைப் பிரெஞ்சியர் கைப்பற்றியபோது, இக்கடற்கரையில் கும்பினியின் தலைமையிடமாகக் கடலூரே சில ஆண்டுகள் விளங்கிற்று. அன்று உலக வணிகத்தின் ஒரு நுனி முதுநகரில் இருந்தது. பின்னர்த் தலைமை சென்னைக்கு மீண்டது. துறைமுக வணிகம் தளர்ந்தது. தொடர்வண்டியும் பேருந்தும் வந்தன. வணிகத்தின் நடு, முதுநகரை விட்டுத் திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர்ந்தது. ஒருமுறை பெயர்ந்த நடு மறுமுறையும் பெயராது என்பதற்கு என்ன உறுதி?

இந்நிகழ்ச்சியில் மற்றொரு பாடமும் உண்டு. கும்பினி என்பது என்ன? ஒரு மன்னனின் படையா? அன்று. பல வணிகர் தத்தம் முதலை ஒன்றாகப் போட்டு நடத்திய கூட்டு வணிகம். கடல் கடந்து வந்த வணிகர் கூடி நின்றனர், கோட்டையை வாங்கினர். இம்மண்ணின் வணிகரோ அவர்களுக்குத் துணி திரட்டித் தரும் தரகராயினர். கூடி நின்றவன் உரிமையாளனானான்; பிரிந்து நின்றவன் கூலிக்காரனானான். முந்நூறு ஆண்டுக்கு முன் நடந்த அக்கதை இன்றும் முடியவில்லை. வேறு உருவில் தொடர்கிறது.

அவ்வுருவைச் சற்றே நோக்குக. இயற்கை ஒருபுறம் அடிக்கிறது. 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை, 2011 திசம்பர் 30இல் தானே புயல், 2015இல் பெருவெள்ளம், 2024 திசம்பரில் தென்பெண்ணையின் வெள்ளம். ஒவ்வொரு முறையும் கடலூர் வணிகர் நனைந்த சரக்கை வெளியே எடுத்துப் போட்டுக் கணக்கெழுத வேண்டியதாயிற்று. மறுபுறம் போக்குவரத்தின் மாற்றங்கள். விழுப்புரம்–மயிலாடுதுறைத் தொடர்வண்டிப் பாதை அகலப்பாதையாக்கப்பட்டபோது 2006 இறுதி முதல் 2010 வரை வண்டிகள் ஓடவில்லை. அப்பாதையில் அமைந்த கடலூரும் தில்லையும் அக்காலம் முழுதும் தொடர்வண்டி வழியே வரும் மக்களை இழந்து நின்றன. விழுப்புரம்–நாகப்பட்டினம் நால்வழிச் சாலையோ ஊருக்குள் நுழையாமல் ஊரைக் கடந்து செல்வதற்கென்றே வகுக்கப்பட்டது. இருநகரிலும் புதிய பேருந்து நிலையத்தை ஊரின் புறத்தே அமைக்கும் பேச்சும் எழுந்தது. நெரிசல் குறைவது நன்றே. ஆனால் பேருந்து போகும் இடத்துக்கே வாங்குவோரும் போவர் என்பதை வணிகர்க்கு எவரும் சொல்லித் தர வேண்டா.

மூன்றாவது புறத்தில் நிற்பது பெருமுதல். ஊர்தோறும் ஒரே பெயரில் கடை திறக்கும் பெருநிறுவனங்கள் வந்தன. கைப்பேசியைத் தொட்டால் வீட்டு வாயிலில் பொருளை இறக்கும் இணைய வணிகமும் வந்தது. 2020இன் பெருந்தொற்று, கடைத்தெருவுக்கு வந்து பழகியவரைக்கூட வீட்டிலிருந்தே வாங்கப் பழக்கிற்று. இவற்றின் பின்னால் நிற்கும் முதல், இலாரன்சு சாலையின் எல்லாக் கடைகளின் முதலையும் கூட்டினாலும் எட்டாத முதல். அம்முதலோடு ஒற்றைக் கடை மோதினால் என்னாகும்? அதனைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும், வணிகப் பெருமக்களே, பகை வெளியே மட்டும் இல்லை. கடைத்தெருவுக்கு உள்ளேயும் உண்டு. கடைக்காரர் தம் கடையின் படியைத் தெருவுக்கு ஒரு முழம் நீட்டுகிறார். பக்கத்துக் கடைக்காரர் இரு முழம் நீட்டுகிறார். நடைபாதை மறைகிறது. நடப்பவர் நடுச்சாலையில் நடக்கிறார். கடைக்காரரும் பணியாளரும் தத்தம் இருசக்கர வண்டிகளைக் காலையிலேயே கடைமுன் நிறுத்திவிடுகின்றனர். வாங்க வருபவர்க்கு வண்டி நிறுத்த இடமில்லை. அவர் திரும்பிப் போகிறார். கடையின் குப்பை வடிகாலுக்குள் தள்ளப்படுகிறது. கெடிலமும் பெண்ணையும் உப்பனாறும் சூழ்ந்த தாழ்நிலத்து ஊரில் வடிகால் அடைபட்டால், ஒருநாள் மழையே கடைக்குள் வந்து நிற்கிறது. பெண்கள் கடைத்தெருவுக்கு வந்து இரண்டு மணிநேரம் இருக்க வேண்டுமாயின் ஒரு தூய கழிப்பிடம் வேண்டும். அதைப் பற்றி எந்தக் கடையும் எண்ணுவதில்லை. ஏனெனில் அது எந்தக் கடையின் வேலையும் அன்று.

இங்கேதான் நோயின் வேர் உள்ளது. கடை தனிவுடைமை, தெரு பொதுவுடைமை. கடைக்குள் ஒரு விளக்கு எரியாவிட்டால் அன்றே மாற்றப்படுகிறது. தெருவில் பத்து விளக்கு எரியாவிட்டாலும் அது நகராட்சியின் பாடு என்று விடப்படுகிறது. ஆனால் வாங்க வருபவர் கடைக்கு வருமுன் தெருவுக்கு வருகிறார். தெரு அவரை விரட்டிவிட்டால் கடை அவரைக் காண்பதே இல்லை. எதிர்க்கடைக்காரர் தம் போட்டியாளர் என்று ஒவ்வொருவரும் எண்ணுகின்றனர். உண்மையில் பத்துத் துணிக்கடை ஒரே தெருவில் இருப்பதால்தான் பதினைந்து கல் தொலைவிலிருந்து மக்கள் அத்தெருவைத் தேடி வருகின்றனர். ஒரே ஒரு கடை இருந்தால் எவர் வருவார்? ஆகவே அடுத்த கடைக்காரர் போட்டியாளர் மட்டும் அல்லர், கூட்டாளியும் ஆவார். இவ்வுண்மையை உணர்ந்த தெரு வாழும்; உணராத தெரு வீழும்.

இவ்வுண்மை தமிழர்க்குப் புதியதா? இல்லை. மறந்துபோன பழைய உண்மை இது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர், அவை, நகரம் என்னும் ஆட்சி மன்றங்கள் பேசப்படுகின்றன. உழவர் ஊரின் மன்றம் ஊர். பார்ப்பனர் ஊரின் மன்றம் அவை. வணிகர் ஊரின் மன்றமே நகரம். இன்று நகரம் என்னும் சொல் கட்டடங்களைக் குறிக்கிறது. அன்று அது கூடி முடிவெடுக்கும் வணிகரைக் குறித்தது. அம்மன்றத்தார் தம்மை நகரத்தார் என்று குறித்துக்கொண்டனர். காஞ்சியின் வணிகர் மன்றமோ மாநகரம் எனப் பெயர் பெற்றது. கடைகளிலிருந்து வரி திரட்டியதும், நிலம் வாங்கியதும், கோயிலுக்கு விடப்பட்ட கொடைகளைப் பொறுப்பேற்று நடத்தியதும் அம்மன்றங்களே. வணிகர் கூடாத இடத்துக்கு நகரம் என்னும் பெயரே பொருந்தாது என்பதன்றோ இதன் பொருள்?

அவ்வணிகர் தம் பொதுச்செலவுக்கு வழி என்ன கண்டனர்? பட்டணப்பகுடி என்றோர் ஏற்பாடு இருந்தது. பகுடி என்பது பகுதி, அஃதாவது பங்கு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரான்மலைக் கல்வெட்டில், ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழுவினரும் அவரோடு சேர்ந்த பல ஊர் வணிகரும் கூடி, உப்பு, நெல், மிளகு, பாக்கு, இரும்பு, பஞ்சு, நூல் முதலிய சரக்குகளுக்குப் பொதிக்கு இவ்வளவு என்று தாமே தமக்கு ஒரு பங்கு விதித்துக் கோயிலுக்கு அளித்த செய்தி உள்ளது. அரசன் விதித்த வரியன்று அது. வணிகர் மனமுவந்து விதித்துக்கொண்டது. இம்முறை தமிழகத்தோடு நிற்கவும் இல்லை. சுமத்திராத் தீவின் பாரூசுப் பகுதியில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்குக் கப்பலில் வந்திறங்குவோர் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தை அதே ஐந்நூற்றுவர் விதித்ததைச் சொல்கிறது. கடல் கடந்த நாட்டிலும் கூடி நின்று பொதுக்கட்டணம் தொகுத்த மரபில் வந்தவர்க்கு, ஒரே தெருவில் எதிரெதிரே அமர்ந்துகொண்டு கூட முடியவில்லை என்றால் அது நாணத்தக்கது அன்றோ?

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. தென்பாண்டி நாட்டில், விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நாடார் குல வணிகர் மகமை என்னும் முறையைக் கையாண்டனர். விற்கும் சரக்குக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை ஒவ்வொருவரும் பொதுப்பெட்டியில் இட்டனர். வண்டியும் சரக்கும் இரவில் கள்வரிடமிருந்து காவலாகத் தங்குதற்குப் பேட்டைகளை நடத்தினர், கிணறு வெட்டினர், பள்ளி எழுப்பினர். விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியா சாலை என்னும் பள்ளி, வீடுதோறும் திரட்டிய பிடியரிசியாலும் வளர்ந்தது. பெருந்தலைவர் காமராசர் இளமையில் பயின்ற பள்ளி அதுவே. ஒரு மூட்டைக்குச் சில காசு. ஒரு வீட்டுக்கு ஒரு பிடி அரிசி. தனித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்த்தால் ஒரு குமுகாயம் தலைநிமிர்ந்தது.

ஆனால் மகமையின் குறையையும் மறைக்கலாகாது. அது ஒரு குலத்தார்க்குள் நின்றது. ஒடுக்கப்பட்ட ஒரு குலம் தன்னைக் காத்துக்கொள்ள அன்று அது தேவைப்பட்டிருக்கலாம். இன்று ஒரு கடைத்தெருவை எடுத்துக்கொண்டால், அதில் பல குலத்தாரும் பல சமயத்தாரும் கடை வைத்துள்ளனர். குலத்துக்கு ஒரு கழகம், சமயத்துக்கு ஒரு கழகம் என்று பிரிந்தால், தெருவுக்கு ஒரு கழகம் அமைவதே இல்லை. ஆகவே மகமையின் கையை எடுத்துக்கொள்க. அதன் வேலியை விட்டுவிடுக. குலத்தின் பெயரால் கூடியது அன்று. தெருவின் பெயரால் கூடுவது இன்று.

தெருவின் பெயரால் கூடியவர் உண்டா? உண்டு. கனடா நாட்டின் தொராந்தோ நகரம், ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய நகரம். அந்நகரில் புளூர் என்றொரு தெரு. 1960களின் பிற்பகுதியில் அதன்கீழ் நிலத்தடித் தொடர்வண்டி ஓடத் தொடங்கிற்று. மேலே நடந்தும் அமிழ்தண்டூர்தியிலும் சென்ற மக்கள் கீழே சென்றனர். புறநகர்களில் எழுந்த பேரங்காடிகள் மிச்சமிருந்தோரையும் இழுத்தன. அத்தெருவின் மேற்குப் பகுதி வணிகர் என்ன செய்தனர்? தம்முள் மனமுவந்து பணம் திரட்டிப் பார்த்தனர். சிலர் கொடுத்தனர், சிலர் கொடாமலே பயனை நுகர்ந்தனர். அச்சிக்கலைத் தீர்க்க மாநில அரசிடம் ஒரு சட்டம் கேட்டுப் பெற்றனர். 1970இல் அத்தெரு வணிகரின் வாரியம் அமைந்தது. எல்லைக்குட்பட்ட எல்லா வணிக இடங்களும் ஒரு சிறு கூடுதல் வரி செலுத்தும், நகராட்சி அதனைத் தண்டி, அப்படியே அவ்வாரியத்திடம் கொடுத்துவிடும், வாரியம் விளக்கும் இருக்கையும் மரமும் பூத்தொட்டியும் வைக்கும், விழா எடுக்கும். இம்முறையில் உலகில் முதலாவதாக அமைந்தது அதுவே என்பர். பின்னர் அம்முறை பல நாடுகளுக்கும் பரவிற்று. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஒரு நல்ல காப்பும் வைத்தது. வணிகர் வாக்களித்தே இதனை ஏற்க வேண்டும். எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும், வரி மதிப்பிலும் பெரும்பான்மை வேண்டும். பெரிய கடைகள் சிறிய கடைகளை மிதிக்கவும் முடியாது. சிறியவை கூடிப் பெரியவற்றின்மேல் சுமத்தவும் முடியாது. ஐந்தாண்டுக்குள் மீண்டும் வாக்கெடுப்பு வேண்டும். பயன் தராத கழகம் தானே மறையும்.

அம்முறையிலும் களை உண்டு. நியூயார்க்கில் 1990களில் இத்தகைய அமைப்பொன்று, தெருவில் உறங்கும் வீடற்றோரை முரட்டுத்தனமாகத் துரத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. தெருவை அழகுபடுத்துதல் என்பது ஏழையைத் துடைத்தெறிதல் என்று பொருள்பட்டால், அத்தகைய அழகு தமிழ்நாட்டுக்கு வேண்டா.

இனி, கடலூருக்கும் தில்லைக்கும் இவற்றால் ஆவதென்ன? சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தெருவுக்கொரு கழகம் அமைக்க இன்றே தடையில்லை. இலாரன்சு சாலைக்கு ஒன்று. முதுநகரின் கடைத்தெருவுக்கு ஒன்று. தில்லையின் நான்கு வீதிக்கும் சேர்ந்து ஒன்று. எடுத்துக்காட்டாக, ஒரு தெருவில் 250 கடைகள் என்று வைத்துக்கொள்க. கடைக்கு நாளொன்றுக்கு 10 உருபா. ஒரு குவளைத் தேநீரின் விலை. நாளுக்கு 2,500, ஆண்டுக்கு 300 வணிக நாள் என்றால் 7,50,000 உருபா. திங்களுக்கு 15,000 உருபா கூலியில் மூன்று துப்புரவுப் பணியாளரை அமர்த்தினால் ஆண்டுக்கு 5,40,000. எஞ்சிய 2,10,000 உருபாவில் விளக்கும் குடிநீரும் கழிப்பிடப் பேணலும் நடக்கும். ஒரு கடைக்காரர் தனியாக ஆண்டுக்கு 3,000 உருபா செலவழித்தால் தெருவில் எதனை மாற்ற முடியும்? ஒன்றையும் மாற்ற முடியாது. 250 பேர் சேர்ந்தால் ஒரு தெருவையே மாற்றலாம். கூட்டலின் ஆற்றல் இதுவே.

"நகராட்சிக்கு வரி கட்டுகிறோம், மறுபடியும் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று சிலர் கேட்பர். முறையான கேள்வி. கழகம் நகராட்சியின் கடமையைத் தன் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை, ஏற்கவும் கூடாது. வடிகால் கட்டுவதும் சாலை போடுவதும் அரசின் கடன். ஆனால் புரட்டாசியில் மழைக்குமுன் வடிகால் தூர்வாரப்பட்டதா என்று பார்ப்பதும், வாரப்படாவிடில் 250 கையெழுத்தோடு மாநகராட்சியின் வாயிலில் நிற்பதும் கழகத்தின் கடன். ஒருவர் கேட்டால் அது முறையீடு. ஒரு தெருவே கேட்டால் அது உரிமைக்குரல். பேருந்து நிலையம் எங்கே அமைய வேண்டும், நால்வழிச் சாலையிலிருந்து ஊருக்குள் வரும் வழி எப்படி இருக்க வேண்டும் என்னும் பெரிய வினாக்களிலும் அக்குரலே செல்லும்.

இரண்டாவது கேள்வி, நடைபாதை வணிகர் பற்றியது. கடைக்காரர் பலர் அவரைப் பகைவராகக் கருதுகின்றனர். ஆனால் கீரைக்காரம்மையும் பூக்காரம்மையும் பனங்கிழங்கு விற்பவரும் இல்லாத கடைத்தெரு, உப்பில்லாச் சோறு. பண்ணுருட்டிப் பலாவும் முந்திரியும் தெருவோரத்தில் குவிந்திருக்கும் காட்சியே பலரைத் தெருவுக்கு இழுக்கிறது. தெருவோர வணிகரைக் காக்கும் நடுவண் சட்டம் 2014இல் வந்தது. அதன்படி நகரந்தோறும் அமையும் விற்பனைக் குழுவில் பத்துக்கு நான்கு பங்குக்குக் குறையாமல் தெருவோர வணிகரே, தம்முள் தேர்ந்தெடுக்கப்பட்டு, இடம்பெற வேண்டும். அவருள் மூன்றிலொருவர் பெண்ணாதல் வேண்டும். அக்குழுவில் கடைக்காரரும் அமர்ந்து, எவ்விடம் விற்பதற்கு, எவ்விடம் நடப்பதற்கு என்று கோடு கிழித்துக்கொண்டால் சண்டை தீரும். தெருக்கழகத்திலும் அவர்க்கு இடம் வேண்டும். அவர் நாளுக்கு ஓர் உருபா கொடுக்கட்டும். ஆனால் அவர் வாக்கு, நகைக்கடைக்காரரின் வாக்குக்கு எள்ளளவும் குறையாதிருக்கட்டும்.

மூன்றாவது கேள்வி கூர்மையானது. தெரு செழித்தால் முதலில் உயர்வது குடிக்கூலி. வாடகைக்கு இருக்கும் சிறுவணிகர் தம் உழைப்பால் தெருவை மேம்படுத்துவார். கட்டட உரிமையாளர் கூலியை உயர்த்தி அவரையே வெளியேற்றுவார். அவ்விடத்தில் பெருநிறுவனத்தின் கிளை வந்து அமரும். அப்படியானால் பாடுபட்டது எவர்க்காக? ஆகவே கட்டட உரிமையாளரையும் கழகத்துக்குள் கொணர்க. அவர் தம் பங்கையும் செலுத்தட்டும். இத்தனை ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் உயர்த்துவதில்லை என்று எழுத்தில் ஒப்பட்டும். வெற்றிடமாகப் பூட்டிக் கிடக்கும் கடைகளை உள்ளூர் இளைஞர்க்கும் நெசவாளர்க்கும் கைவினைஞர்க்கும் குறைந்த கூலிக்குக் கொடுக்கட்டும். பூட்டிய கடை பக்கத்துக் கடையையும் கெடுக்கும் என்பது அவரும் அறிந்ததே.

நான்காவதாக ஒன்று, தமிழன்பர்கள் குறிப்பாகக் கருத வேண்டியது. உள்ளூர் வணிகரிடம் உள்ள, பெருமுதலிடம் இல்லாத முதல் எது? பணம் அன்று. மொழி, முகம், நம்பிக்கை. வாங்க வருபவரின் தந்தையையும் அவர் ஊரையும் அறிந்தவர் உள்ளூர் வணிகர். அறுவடைக்குப்பின் தருவதாகச் சொன்னால் நம்பித் துணி கொடுப்பவர் அவர். அப்படியிருக்க, தம் கடையின் நெற்றியில் மட்டும் வாங்க வருபவர்க்குப் புரியாத மொழியை எழுதி வைப்பதேன்? பெருநிறுவனத்தின் பலகையைப் பார்த்து அதுபோலவே தாமும் எழுதினால், அதன் நிழலாகலாமேயன்றி அதனை வெல்ல முடியுமோ? கடைகள், நிறுவனங்கள் பற்றிய 1948ஆம் ஆண்டு விதிகளும், அவற்றின் பின்வந்த திருத்தங்களும், பெயர்ப்பலகையில் தமிழே முதலிடத்திலும் பெரிய எழுத்திலும் இருக்க வேண்டும் என்கின்றன. தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றின் அளவு 5:3:2 என்னும் வீதத்தில் அமைய வேண்டும் என்பது அரசின் நெறி. தண்டத்துக்கு அஞ்சி எழுதுவதில் பெருமையில்லை. தெரு முழுதும் ஒருநாளில் கூடி நல்ல தமிழ்ப்பெயர் சூட்டினால், அத்தெரு தமிழ்நாட்டுக்கே ஒரு காட்சியாகும். அதனைக் காணவே மக்கள் வருவர். அறமும் அது, ஊதியமும் அது.

கூடினால் ஆற்றல் பிறக்கும் என்பதைத் தமிழக வணிகர் அண்மையில் காட்டியும் உள்ளனர். 2017இல் ஏறுதழுவலுக்கான எழுச்சியை அடுத்து, மார்ச்சு 1 முதல் அயல்நாட்டுக் குளிர்குடிப்புகளை விற்பதில்லை என்று வணிகர் பேரமைப்புகள் அறிவித்தன. உலகப் பெருநிறுவனங்களே திரும்பிப் பார்த்தன. ஒன்றை விற்க மறுப்பதற்குக் கூடிய கைகள், ஒன்றைக் கட்டி எழுப்புதற்கும் கூடலாகாதா?

ஒரே ஓர் எச்சரிக்கை. பொதுப்பணம் நெருப்பு. கணக்கு மறைந்தால் கழகம் எரியும். திங்கள்தோறும் வரவும் செலவும் தெருவின் நடுவே, எவரும் படிக்கும்படி, தமிழில் எழுதித் தொங்கவிடப்பட வேண்டும். தலைமை சுழல வேண்டும். கட்சிக்கொடி கழகத்தின் வாயிலுக்கு வெளியே நிற்க வேண்டும். தொடக்கத்திலேயே பெருந்திட்டம் தீட்டாமல், ஒரு சிறுவேலையை எடுத்து முடித்துக் காட்ட வேண்டும். தில்லையில் அடுத்த தேர்விழாவுக்கு வருவோர்க்குக் குடிநீரும் கழிப்பிடமும் வண்டி நிறுத்துமிடமும் நான்கு வீதிக் கடைக்காரர் சார்பில் என்று ஏற்பாடு செய்க. கடலூரில் அடுத்த அடைமழைக்குமுன் இலாரன்சு சாலையின் ஒரு வடிகாலைத் தூய்மை செய்க. அவ்வொரு வேலை முடிந்த அன்று, பத்து ஆண்டுப் பேச்சு செய்யாததை அது செய்திருக்கும். ஐயுறவு கொண்டவர் தம் பத்து உருபாவோடு தாமே வருவர்.

வணிகப் பெருமக்களே! கடலூர் என்னும் பெயரைக் கூடலூர் என்பதன் திரிபாகக் காண்போர் உண்டு. ஆறுகள் கூடிய இடம் கூடல். ஆறுகள் கூடின, அதனால் ஊர் பிறந்தது. மக்கள் கூடினர், அதனால் அங்காடி பிறந்தது. வணிகர் கூடட்டும், ஊர்நடு மீண்டும் பிறக்கும். தனிக்கடை எத்தனை ஒளியோடு எரிந்தாலும் இருண்ட தெருவில் அது ஒற்றை விளக்கே. தெரு முழுதும் ஒளிரும்போது எந்தக் கடையும் இருளில் நிற்பதில்லை.

கூடுக! கொடுக்க! காக்க! வாழ்க கடைத்தெரு! வெல்க தமிழர் வணிகம்!